நேர் என்று நான் சொன்ன பந்துகள்

எண்பதுகளின் நடுப்பகுதியில், பேர்ண் நகரத்து மருத்துவமனை ஒன்றின் சமையற்கூடத்தில் நான் வேலை செய்தேன். வட்டக் கத்தி பூட்டிய அரியும் இயந்திரம் என் பொறுப்பில் இருந்தது. காலை ஆறு மணி தொடக்கம் பாணும் இறைச்சியும் பாற்கட்டியும் அதனூடாகச் சென்று, ஒரே கனமுள்ள துண்டுகளாக மறுபுறம் விழும். கத்திக்கும் என் விரல்களுக்கும் இடையே இரண்டு அங்குலம் இருக்கும். அந்த இரண்டு அங்குலத்தைக் காவல் செய்தது என் கண். ஆதலால் கண்ணைப் பற்றி மற்றவர்களிலும் பார்க்க நான் அதிகம் யோசித்தேன். அதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

என் தந்தையார் தமது நாற்பத்திரண்டாவது வயதில், ஒருநாள் காலை, எங்கள் வீட்டு வாசற்கதவின் நிலை வளைந்துவிட்டது என்றார். நாங்கள் போய்ப் பார்த்தோம். நிலை நேராகவே நின்றது. அவர் கேட்கவில்லை; தச்சரை அழைப்பித்தார். தச்சர் நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, நிலையோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினார். தந்தையார் நெடுநேரம் பார்த்துவிட்டு, நூலும் வளைந்திருக்கிறது என்றார். நாங்கள் சிரித்தோம். ஈராண்டு செல்லுமுன் அவருக்கு மனிதரின் காதுகளும் தோள்களும் தெரிந்தன, முகங்கள் தெரியவில்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஓர் ஓட்டை இருந்ததாம். இந்நோய் பிள்ளைகளுக்கும் வரக்கூடும் என்றும், நேரான கோடு வளைந்து தெரிவதே அதன் முதல் அடையாளம் என்றும் யாழ்ப்பாணத்து மருத்துவர் சொன்னார்.

‘இனி உங்கட முகங்கள் எனக்கில்லை’ என்று தந்தையார் எங்களிடம் சொன்னபோது சுவரில் ஒரு பல்லி சொல்லியது. டிக் என்ற ஒரேயொரு ஒலி. சொன்ன சொல் மெய் என்பதற்குப் பல்லி சாட்சி என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தாயார் குனிந்து சுட்டுவிரலால் நிலத்தில் மூன்று முறை தட்டினார். எனக்கு அப்போது பதினைந்து வயது. அத்துடன் பாடசாலையை விட்டேன். நான் பின்னர் கற்றதெல்லாம் இரவல் புத்தகங்களிலிருந்து நானாகக் கற்றதே.

ஆகவே, ஏதாவதொரு நாள் நேரானதொன்று எனக்கு வளைந்து தெரியும் என்று எதிர்பார்த்தபடியே முப்பத்தைந்து வயதை அடைந்திருந்தேன்.

சமையற்கூடத்தின் இனிப்புப் பகுதியில் என் வயதொத்த சுவிஸ்காரர் ஒருவர் இருந்தார். ஏழாண்டுகள் அமெரிக்காவில் ஹோட்டல் சமையல் செய்துவிட்டுத் திரும்பியவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்தவற்றுள் முக்கியமானவை ஒரு தடித்த தோற் கையுறையும், சிவப்பு நூலால் தைத்த ஒரு வெள்ளைப் பந்துமாகும். பேஸ்போல் என்ற அந்த விளையாட்டைச் சுவிற்சர்லாந்தில் அக்காலத்தில் அறிந்தவர் மிகச் சிலரே. இடைவேளையில் அவர் பண்டசாலையின் சுவரில் பந்தை எறிந்து எறிந்து, திரும்பி வருவதைப் பிடிப்பார். ஒரு நண்பகல், நான் தட்டொன்றை ஏந்திக்கொண்டு வெளியே வந்தபோது, சுவரில் பட்ட பந்து அவரைத் தாண்டி என்னை நோக்கி வந்தது. தட்டை இடக்கையில் வைத்துக்கொண்டே வலக்கையால் அதைப் பிடித்தேன். பிடிக்கும்போதே கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அவர் என் கையைத்தான் பார்த்தார். நாங்கள் இருவரும் ஆங்கிலத்திலேயே உரையாடுவோம். அதை என் தமிழில் தருகிறேன்.

“இதை நீர் எங்கை பழகினீர்?”

“பள்ளிக்கூடத்திலை. கிரிக்கெற். விக்கெற்றுக்குப் பின்னாலை நிக்கிறவன் நான்.”

“அப்ப குந்தியிருப்பீர்.”

“ஓம். அதுதான் வேலை.”

அவர் பந்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். பின்பு தம் விஷயத்தைச் சொன்னார். வேறு நகரமொன்றில், ஓர்லிகோன் என்ற பகுதியில், சில இளைஞர்கள் பேஸ்போல் குழு ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். இளவேனிலில் ஆட்களைத் தேர்ந்தெடுப்பார்கள். பந்தெறிபவராகச் சேர்வது தம் விருப்பம். குளிர்காலம் முழுவதும் எறிந்து பழகவேண்டும். சுவர் போதாது, ஒரு மனிதன் வேண்டும். நான் சம்மதித்தேன்.

என்னோடு ஒரே அறையில் இருந்தவர், அதே சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவிய, என்னைப் போலவே அசூல் எனப்படும் அகதித் தஞ்சம் கேட்டு வந்த, என்னிலும் பத்து வயது மூத்த ஊரவர். இதைக் கேட்டு அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

“தம்பி, நாங்கள் அசூல் அடிச்சது குளிருக்கை நிண்டு வெள்ளைக்காரன்ரை பந்து பொறுக்கவோ?”

“பொறுக்கிறதில்லை அண்ணை, பிடிக்கிறது.”

“பிடிச்சா என்ன தருவினம், விசாவோ?”

நவம்பரின் முதல் ஞாயிறு பிற்பகலில் ஆரெ ஆற்றங்கரையிலுள்ள புல்வெளிக்குப் போனோம். அக்காலத்தில் அங்கே மூடுபனி விழுந்தால் கிழமைக்கணக்கில் எழும்பாது. ஆற்றின் ஓசை கேட்கும், ஆறு தெரியாது. எனக்குப் பின்னால் படகுகள் வைக்கும் மரக் கொட்டகை ஒன்று இருந்தது. கையுறையில் பந்து விழும் சத்தம் அதன் சுவரில் பட்டு மறுபடியும் கேட்கும். நான் ஒன்றைப் பிடித்தேனாயின் பின்னால் குந்தியிருக்கும் இன்னொருவரும் ஒன்றைப் பிடித்தது போலிருக்கும். முதல் நாள் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

அவர் பதினெட்டு மீற்றர் தள்ளி நின்றார். அவ்வளவு தூரத்தில் அவர் மனித வடிவமுள்ள ஒரு கறுப்பு மாத்திரமே. எறிவதற்கு அவர் சுழலும்போது அந்தக் கறுப்பு ஒருகணம் அகன்று, பின் மெலியும். அதன்பின் ஒன்றுமில்லாத வெண்மையிலிருந்து பந்து வரும்.

முதலில் பத்துப் பந்துகள் நேராக வந்தன. பிடித்தேன். பதினோராவது பந்து என் தலைக்கு மேலாகப் போவதற்கென்று எழுந்து வந்தது. நான் கைகளை உயர்த்தினேன். அது போகவில்லை. நடுவானில் யாரோ அதை அழுத்திவிட்டாற்போல விழுந்து என் முழங்காலில் அடித்தது.

கிரிக்கெற்றில் பந்து திரும்பவேண்டுமானால் நிலம் வேண்டும். சுழற்பந்து நிலத்தில் பட்டு, பட்ட இடத்திலிருந்துதான் வலமோ இடமோ திரும்பும். விக்கெற் காப்பாளன் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். புதுப்பந்து காற்றில் சற்றே சாயும் என்பதும் அறிவேன். ஆனால் அது தண்ணீரில் மிதக்கும் ஓலை ஒதுங்குவது போல மெல்ல ஒதுங்கும். இப்படிக் காற்றிலே ஒரு படி இறங்குகின்ற பந்தை நான் கண்டதில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டு புல்லில் இருந்தபோது எனக்கு நோவு தெரியவில்லை. தச்சரின் நூல்தான் தெரிந்தது.

“என்ன, அடிபட்டுப்போச்சோ?” என்று வெண்மைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“கால் வழுக்கினது.”

“அது கர்வ். சொல்லாமல் எறிஞ்சது என்ரை பிழை.”

கர்வ் என்றால் என்ன என்று நான் கேட்டேன். அவர் கிட்ட வந்து பந்தைப் பிடித்துக் காட்டி விளக்கினார். அவர் விளக்கி முடியும்வரை நான் மூச்சைச் சரியாக விட்டேனோ தெரியாது. பந்து உண்மையிலேயே வளைகிறது. எல்லாருடைய கண்ணுக்கும் வளைகிறது. என்னுடைய கண்ணுக்கு மாத்திரமன்று. அன்றே ஓர் ஒழுங்கு செய்துகொண்டோம். எறியுமுன் இன்ன பந்து என்று அவர் பெயர் சொல்லவேண்டும். பந்து வந்தபின் அது எவ்வாறு வந்தது என்று நான் சொல்லவேண்டும்.

அவருக்கு அது பயிற்சி. எனக்கு அது, எந்த மருத்துவரும் அறியாமல் நடந்த கண் பரிசோதனை. அவர் சொன்னதும் நான் கண்டதும் ஒத்துப்போகும் வரை என் கண் பிழையில்லை.

இவ்வாறே அப்பந்துகளின் வகைகளை நான் அறியலானேன். கர்வ் என்பது விரல்கள் பந்தின் மேலாக இறங்கி, அதை முன்னோக்கி உருளவைப்பது. மேற்புறத்துத் தையல் காற்றை எதிர்த்துச் செல்ல, காற்று பந்தைக் கீழே தள்ளுகிறது. அதனால் ஏறி வந்து குப்புற விழுகிறது. ஸ்லைடர் அதனிலும் வேகமானது. நேர்ப்பந்து போலவே வந்து, கிட்ட வந்ததும் என் வலப்பக்கத்துக்குச் சறுக்கும். கிரிக்கெற்றின் லெக் பிரேக் திரும்பும் அதே பக்கம். அதற்கொரு அடையாளம் உண்டு. துப்பாக்கிக் குண்டு போலத் தன் அச்சிலே சுழன்று வருவதால், சிவப்புத் தையல்கள் ஒன்றுசேர்ந்து பந்தின் முகத்தில் ஒரு சிவப்புப் புள்ளியாகத் தெரியும். மூடுபனியில் பந்தின் வெள்ளை முற்றாக மறைந்துவிடும். ஆகவே எனக்குத் தெரிந்தது, ஒருவருமில்லாத வெளியிலிருந்து என் நெற்றியை நோக்கி வரும் ஒரு குங்குமப் பொட்டு மட்டுமே.

ஸ்க்ரூபோல் அதற்கு எதிர்ப்புறம், என் இடப்பக்கம் ஒதுங்கும். அதை எறிபவரின் கை, கதவுப்பிடியைத் திருப்புவது போல உட்புறமாகத் திரும்பவேண்டுமாம். கை கெட்டுவிடும் என்று அவர் அதை அரிதாகவே எறிந்தார். ஃபோர்க்போல் இரு விரல்களின் கவட்டிலிருந்து வழுகி வருவது. அதில் சுழற்சி குறைவு. நேர்ப்பந்து என்றே எண்ணிக் கை நீட்டினால், பந்துக்குக் கீழே இருந்த பலகையை யாரோ உருவியது போல மறைந்துபோகும்.

எல்லாவற்றிலும் எனக்கு அச்சம் தந்தது நக்கிள்போல். விரல் நகங்களை ஊன்றித் தள்ளி எறிவது. அது சுழல்வதே இல்லை. தையல்கள் அசையாமல், ஒரு முகம் என்னை உற்றுப் பார்த்தபடி வருவது போல வரும். வரும் வழியில் இப்புறமும் அப்புறமும் அசையும். அது எங்கே போகும் என்று எறிந்தவருக்கே தெரியாது என்றார். “அது எறிஞ்சவன்ரை பேச்சும் கேளாது, பிடிக்கிறவன்ரை பேச்சும் கேளாது.”

இன்னொன்றும் சொன்னார். பந்து வளைவது மெய். ஆனால் அது திடீரென ஒடிவது போலத் தெரிவது முழுவதும் மெய்யன்று. பந்து இனி இங்கே இருக்கும் என்று கண் முன்கூட்டியே ஒரு கோடு போட்டு வைக்கிறது. பந்து அக்கோட்டை விட்டு விலகும்போது ஒடிந்தது என்கிறது. “பாதி வளைவு பந்திலை, பாதி பாக்கிறவன்ரை கண்ணிலை” என்றார். அவர் இதைச் சாதாரணமாகச் சொன்னார். நான் அன்றிரவு உறங்கவில்லை.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் அது நிகழ்ந்தது.

“நேர்” என்றார். நேர்ப்பந்து வரப்போகிறது என்று பொருள். கறுப்பு அகன்று மெலிந்தது. அப்போது டிக் என்று ஓர் ஒலி கேட்டது. சிறிய, உலர்ந்த ஒலி. அதன்பின் பந்து வந்தது; நேராக வந்து, என்னிடமிருந்து இரண்டு முழத் தூரத்தில் வலப்பக்கமாகவும் கீழாகவும் நான்கு விரற்கிடை ஒதுங்கி, கையுறையின் விளிம்பில் பட்டுப் பின்னே ஓடிக் கொட்டகையில் மோதியது.

“நேரோ?” என்று குரல் கேட்டது.

நான் பந்தை எடுத்துவரும் சாக்கில் சற்று நேரம் எடுத்துக்கொண்டேன். அவர் நேர்ப்பந்து எறிந்தார். நான் வளைந்த பந்தைக் கண்டேன்.

“நேர்” என்றேன். “கை நழுவிப்போச்சு.”

அன்று பத்துக்கு இரண்டு பந்துகள் அவ்வாறு வந்தன. வருமுன்னர் அந்த ஒலி கேட்டது. மற்றவற்றுக்குக் கேட்கவில்லை. அவர் ஒவ்வொரு பந்துக்கும் பிறகு “நேரோ?” என்று கேட்டார், நான் ஒவ்வொரு முறையும் “நேர்” என்றேன். அவர் இவ்வளவு விடாமல் கேட்பது, நான் பாடத்தை ஒழுங்காகக் கவனிக்கிறேனா என்று அறிவதற்கென்றே எடுத்துக்கொண்டேன். மூடுபனியில் பந்தின் கடைசிப் பாகம் அவருக்குத் தெரிவதில்லை. பந்தின் முதற் பாகம் எனக்குத் தெரிவதில்லை. இதை அப்போது நான் எண்ணிப் பார்த்திருக்கவேண்டும்.

அந்த ஒலியைப் பற்றியும் எண்ணிப் பார்த்திருக்கவேண்டும். வேறொரு தேசத்து மனிதனாயின், அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடியிருப்பான். நான் தேடவில்லை. அது பல்லி சொல்வது என்றும், என் கண்ணைப் பற்றி அது சொல்கிறது என்றும் எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கிய ஒன்றைத் தேடவேண்டிய அவசியம் என்ன?

அன்று அறைக்குத் திரும்பி ஊரவரிடம் கேட்டேன்.

“அண்ணை, இந்த நாட்டிலை பல்லி இருக்கோ?”

“பல்லியோ? இந்தக் குளிருக்கை வந்தால் அதுவும் அசூல் எல்லோ அடிக்கவேணும்.”

“சத்தம் ஒண்டு கேட்டுது.”

அவர் சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தார். “என்ன கதைக்கேக்கை சொன்னது?”

“ஒண்டும் கதைக்கேல்லை. பந்து எறியேக்கை.”

“அப்ப பந்துக்குத்தான் சொல்லியிருக்கு. நீ ஏன் முகத்தை இப்பிடி வைச்சிருக்கிறாய்? போய்க் குளி.” ஆனாலும் அவர் கை, தானறியாமல், கட்டில் விளிம்பில் மூன்று முறை தட்டியதைக் கண்டேன்.

அடுத்து வந்த கிழமைகளில் நான் கண்ட நேர்கோடுகள் எல்லாவற்றையும் சோதித்தேன். ட்ராமுக்குக் காத்திருக்கும்போது ஒரு கண்ணைப் பொத்தி மேலே செல்லும் மின்கம்பியைப் பார்ப்பேன். பின்பு மறு கண்ணைப் பொத்துவேன். கம்பி நேராக இருக்கும். தண்டவாளம் நேராக இருக்கும். சமையற்கூடத்துச் சுவரின் வெள்ளை ஓடுகள், குளிரறைக் கதவு, தட்டுகள் அடுக்கும் வண்டியின் கால்கள் எல்லாம் நேராக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பந்து வளையும். நோய் இன்னும் அசையாத பொருட்களுக்கு வரவில்லை, வேகமாக வரும் பொருட்களில் தொடங்கியிருக்கிறது என்று முடிவு செய்தேன். அச்சம் கொண்டவன் தன் அச்சத்துக்கு ஏற்ற மருத்துவத்தைத் தானே எழுதிக்கொள்கிறான்.

நான் வேலை செய்த கட்டிடத்தில் இரண்டு மாடி மேலே கண் மருத்துவர் இருந்தார். படியேறினால் மூன்று நிமிடம். நான் ஏறவில்லை. ஏறினால் பதில் கிடைத்துவிடும். பதில் கிடைத்தால் இயந்திரத்தை விட்டு எடுத்துவிடுவார்கள். என் அசூல் விண்ணப்பம் அப்போது எந்த மேசையில் கிடந்தது என்றே தெரியாது. பார்வை போகும் ஒருவனை எந்தத் தேசம் வைத்துக்கொள்ளும் என்று எண்ணினேன். தந்தையாருக்காவது, தட்டித் தடவி நடக்கத் தெரிந்த வீடொன்று இருந்தது.

இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தேன். தலைமைச் சமையற்காரர் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஞாயிறுகள் நான்கு கடந்தன. வளையும் பந்துகள் பத்துக்கு மூன்றாகி, பின் நான்காயின. அவர் “நேரோ?” என்று கேட்கும் குரலில் ஏதோ மாறியிருந்தது. பந்து போனவுடன், அது என் கையில் விழுமுன்னரே கேட்டுவிடுவார். நான் “நேர்” என்றதும் பனிக்குள்ளே நீண்ட மூச்சொன்று கேட்கும். நான் அதையும் எனக்கே உரியதாக எடுத்துக்கொண்டேன். என் பொய்யை அவர் கண்டுகொண்டார் என்றே நினைத்தேன்.

ஐந்தாவது ஞாயிறு, இனியும் அறியாமல் இருக்க முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்டேன். முதல் நாள் இயந்திரத்தில் கத்திக்கும் என் பெருவிரலுக்கும் இடையில் ஒரு தாள் நுழையும் இடமே இருந்ததை, நிறுத்திய பின்புதான் கண்டேன். கண்ணைக் கொண்டே கண்ணைச் சோதிக்க இயலாது. தந்தையார் தச்சரின் நூலைப் பார்த்தது போலாகிவிடும். ஆகவே கண்ணை விலக்கிவிடத் தீர்மானித்தேன். கையுறையை நெஞ்சுக்கு நேரே அசையாமல் பிடிப்பது, கண்களை மூடிக்கொள்வது. என் கண் பொய் சொல்கிறதாயின், நேர்ப்பந்து நேராகவே வந்து கையுறையில் விழும். பந்து மெய்யாகவே வளைகிறதாயின், வேறெங்கோ விழும். ஆபத்து இருந்தது. கண் போவதோடு ஒப்பிட்டபோது அது ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை.

“நேர்” என்றார். கண்களை மூடினேன். பந்து கையுறையில் விழுந்தது. கொட்டகைச் சுவரின் எதிரொலியில் மற்றவரும் பிடித்தார்.

“நேரோ?”

“நேர்.”

இரண்டாவதும் கையுறையில் விழுந்தது, மூன்றாவதும் அவ்வாறே. கண் மூடியிருக்கையில் ஆறு மிகக் கிட்ட வந்துவிட்டது போலவும், நான் அதன் நடுவே குந்தியிருப்பது போலவும் இருந்தது. நான்காவது முறை “நேர்” என்ற குரலின் பின் டிக் என்று கேட்டது. என் வாழ்நாளில் அவ்வளவு நீண்ட கணத்தை நான் அறியேன். கையுறையை அசைக்கவில்லை.

பந்து என் வலது விலாவின் கீழ்ப்புறத்தில் அடித்தது.

நான் புல்லில் விழுந்தேன். மூச்சு வரவில்லை. மூச்சு வந்ததும் சிரித்தேன். ஈரப் புல்லில் முகத்தை வைத்துக்கொண்டு, நிறுத்த முடியாமல் சிரித்தேன். பந்து வளைந்திருந்தது. மெய்யாகவே வளைந்திருந்தது. என் விலா அதற்குச் சாட்சி. என் கண் ஐந்து கிழமையாக உண்மையையே சொல்லிவந்திருக்கிறது. கண்ணைத் திறந்து, என் முகத்துக்கு முன்னாலிருந்த ஒரு புல்லின் நேரான விளிம்பை, அழகிய பொருளொன்றைப் பார்ப்பது போலப் பார்த்தேன்.

அவர் ஓடிவந்து என் பக்கத்தில் முழங்காலிட்டார்.

“என்ன நடந்தது? நேர்ப்பந்துதானே எறிஞ்சனான்.”

“இல்லை” என்றேன், சிரித்தபடியே. “அது வளைஞ்சது.”

அவர் முகம் எப்படி மாறியது என்பதை எழுதுவதற்கு நான் பழகிய சொற்களில் ஒன்றும் உதவவில்லை. இனிப்புப் பகுதியில் பால் திரைந்துபோகும் அந்தக் கணத்தை நான் பார்த்திருக்கிறேன், அதுபோல இருந்தது. என் சிரிப்பு அப்போதுதான் நின்றது.

“கையைக் காட்டும்” என்றேன்.

அவர் காட்டவில்லை. வலக்கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பின்பு மெல்ல வெளியே எடுத்தார். விரல்களை நிமிர்த்தச் சொன்னேன். நான்கு விரல்கள் நிமிர்ந்தன. நடுவிரல் பாதியில் நின்றது. அவர் அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சற்றுப் பொறுத்து, நித்திரையிலிருந்து எழுந்தவனைப் போல, அது மீதித் தூரமும் நிமிர்ந்தது. அதன் நகம் ஓரத்தில் உடைந்து, பிளவுக்குள்ளே சிவப்புச் சாயம் படிந்திருந்தது. பந்தை விடவேண்டிய நேரத்தில் விடாமல், அந்த விரல் நகத்தால் தையலை உரசியிருக்கிறது. எனக்குக் கேட்ட ஒலி அதுவே. அந்த உரசலால்தான் பந்து அவர் அறியாமலே ஸ்லைடராக மாறி, என் வலப்பக்கம் இறங்கியது.

“மார்கழியிலை கிறீம் பிழியேக்கைதான் முதல் தெரிஞ்சது” என்றார். “குளிர் எண்டு நினைச்சன். பிறகு நினைச்சன், கை பிழையெண்டால் பந்து காட்டும் எண்டு. அதுக்குத்தான் உம்மட்டைக் கேட்டனான். ஒவ்வொரு பந்துக்கும் கேட்டனான்.”

“ஓம். கேட்டனீர்.”

“நேர் எண்டு சொன்னீர்.”

“ஓம்.”

“எத்தினை ஞாயிறு?”

“ஐஞ்சு.”

அவர் என்னை ஏன் என்று கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். தந்தையாரையும் கதவு நிலையையும் பற்றிச் சொன்னேன். இயந்திரத்தைப் பற்றிச் சொன்னேன். பல்லியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதை எந்த மொழியிலும் அவருக்குச் சொல்ல முடியுமென்று தோன்றவில்லை. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்பு பந்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“இன்னும் கொஞ்சம் எறியப்போறன். இப்ப உண்மையைச் சொல்லும்.”

அவர் நடந்தார். கால்கள் மறைந்தன, பின் இடை, பின் தோள்கள். நான் விலாவைப் பிடித்துக்கொண்டு குந்தினேன்.

பந்து வந்தது. “நேர்” என்றேன். அடுத்தது வந்தது. “வளைஞ்சது” என்றேன். அதற்கடுத்ததற்கும் “வளைஞ்சது” என்றேன். அவர் இப்போது ஒன்றும் கேட்கவில்லை. பனி இன்னும் தடித்து, சுழலும் கறுப்பும் தெரியாமற் போயிற்று. டிக் என்ற ஒலி மட்டும் வந்தது. அதைத் தொடர்ந்து பந்து வந்தது. அதைத் தொடர்ந்து என் குரல் போயிற்று. சில முறை என் குரல் கொட்டகைச் சுவரிலிருந்து திரும்பி வந்து, எனக்குப் பின்னாலிருந்தவரும் அதையே சொல்வதாகக் கேட்டது. வெளிச்சம் குறையும்வரை இருபதுக்கு மேற்பட்ட பந்துகள் எறிந்தார். அவற்றில் நேராக வந்தவை ஆறோ ஏழோ.

மறுநாள் அவர் மருத்துவரிடம் போனார். என்னையும் கூட்டிச்சென்றார். முழங்கைக்குக் கீழே ஒரு நரம்பு நெரிபடுகிறது, வெட்டித் திறக்கவேண்டும் என்றார் அம்மருத்துவர். எவ்வளவு காலமாக என்று கேட்டார். பந்தெறிந்தவர் என்னைப் பார்த்தார். நான் கணக்கைச் சொன்னேன். மருத்துவர் எழுதிக்கொண்டே, முதற்கிழமையிலேயே வந்திருந்தால் நல்லது, நரம்பு காத்திருக்காது என்று பொதுவாகச் சொன்னார். அதை எங்கள் இருவரில் யாருக்குச் சொன்னார் என்பது தெரியவில்லை.

அதே கிழமை நான் இரண்டு மாடி ஏறிக் கண்ணைக் காட்டினேன். கட்டம் போட்ட அட்டையொன்றைக் கொடுத்து, கோடுகள் எப்படித் தெரிகின்றன என்று கேட்டார்கள். எல்லாம் நேராகவே தெரிந்தன. எனக்கு இன்று வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அந்நோய் என்னைத் தேடி வரவில்லை.

அறுவைக்குப் பின் அவருடைய நடுவிரலும் மோதிரவிரலும் பாதிக்கு மேல் நிமிரவில்லை. இளவேனிலில் அவர் ஓர்லிகோனுக்குப் போகவில்லை. கிறீம் பிழியும் பையை இடக்கையால் பிடிக்கப் பழகிக்கொண்டார். என்மேல் அவர் கோபங்கொண்டதை நான் ஒருநாளும் காணவில்லை. காலையில் வணக்கம் சொல்வார், கோப்பி ஊற்றித் தருவார், ஊரவர் சொல்லும் பகிடிகளை என்னை மொழிபெயர்க்கச் சொல்லிச் சிரிப்பார். ஊரவரும் அவரை நல்ல மனிதன் என்றே சொல்லிவந்தார்.

ஆனால் மேலும் மூன்று வருடங்கள் ஒரே கூடத்தில் வேலை செய்தும், ஆம் அல்லது இல்லை என்று நான் பதில் சொல்லவேண்டிய எந்தக் கேள்வியையும் அவர் என்னிடம் கேட்டதில்லை. பாகு பதமாயிற்றா, அடுப்பு அணைந்ததா, வண்டி வந்துவிட்டதா என்றெல்லாம் மற்றவர்களிடம் கேட்பார். கேக்கின் மேல் இடக்கையால் கோடொன்றை இழுத்து முடித்ததும், பக்கத்தில் நான் நின்றிருந்தாலும், மேசைக்கு முன்னால் முழங்காலிட்டு, கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுவந்து, அது நேராக இருக்கிறதா என்று நெடுநேரம் தாமே பார்ப்பார். நான் கைகளைத் துடைத்துக்கொண்டு அங்கே நிற்பேன்.